கழுவிவிட்ட நீலப் புள்ளி

என்னிடம் எம்.ஃபில். படித்த ஒரு பெண் கண்டுபிடித்தது சரி. அதை நான் பலர் முன்னிலையில் தவறு என்றேன். சில வாரம் கழித்து, அவள் சொன்னதுதான் சரி என்று என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. கைக்கு வந்திருந்த வேலையும் போனது. அவசரத்தில் தவறாகச் சொன்னதை யாரும் மன்னிப்பார்கள். தெரிந்த பிறகு மூடி வைத்ததைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் ஆசிரியராக இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். குற்றம் அதனுடையது அல்ல. தோலில் வாழும் பாக்டீரியாக்களில் என்னென்ன கொழுப்புகள் இருக்கின்றன என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. நம் ஒவ்வொருவர் தோல் மீதும் கோடிக்கணக்கில் இவை குடியிருக்கின்றன. பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. ஒவ்வொரு பாக்டீரியாவையும் ஒரு மெல்லிய சவ்வு சுற்றியிருக்கும். அந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. எங்கள் பாக்டீரியாக்களுக்கு அந்தச் சவ்வுக்கு வெளியே தடித்த சுவரும் உண்டு. சவ்வில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்தால் தோல் புண்களைப் பற்றி ஏதாவது பிடிபடும் என்று நம்பினேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்களில் வேலை செய்கிறவர்களின் கைகளில் அப்போது புண் சாதாரணம்.

அந்தப் பெண் அகரத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா வெங்காயம் போடும் சம்சாரி. தோல் ஷாப்புக்குப் போய் ஆட்களின் முன்கையில் பஞ்சைத் தேய்த்து மாதிரி எடுத்து வரும் வேலையை நான் அவளிடம் விட்டுவிட்டேன். எனக்கு அந்த நாற்றம் ஒத்துக்கொள்ளாது. அவளுக்கு ஒன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஒருமுறை நானும் கூடப் போனபோது ஒரு தொழிலாளி கையை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, எங் கையில சுண்ணாம்பத் தவுர எதுவும் உசுரோட இருக்குமா?"

"நீங்க இருக்கீங்கள்ல அண்ணே, அது மாதிரி அதுவும் இருக்கும்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரையும் கையை நீட்டச் சொன்னார்.

கொண்டுவந்த பாக்டீரியாவைச் சத்துக் கரைசலில் வளர்ப்போம். அந்தக் கரைசலை எங்கள் ஆய்வக உதவியாளர் கஞ்சி என்பார். கடைசியில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வளர்ந்ததும் கஞ்சியை வேகமாகச் சுழற்றினால் பாக்டீரியா எல்லாம் அடியில் படிந்துவிடும். அந்தப் படிவிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுப்போம். மேலே தெளிந்து நிற்கும் நீர் சிங்க்கில் போய்விடும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் இருபது வருடம் அப்படித்தான் செய்தேன்.

அவள் கொட்டவில்லை. ஏன் என்று கேட்டபோது, "சும்மா பாப்போமேன்னுதான் சார்" என்றாள். தெளிந்த நீரை வடிகட்டி, வற்ற வைத்து, அதிலும் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். பார்க்கும் முறை எளிமையானது. கண்ணாடித் தகட்டில் சிலிக்கா மாவைப் பூசிக் காய வைப்போம். அடியில் ஒரு சொட்டு வைத்து, தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் கொழுப்புகள் ஒவ்வொன்றும் தன் தன் உயரத்துக்கு ஏறி நிற்கும். அதன் மேல் ஒரு மருந்தைத் தெளித்தால் பாஸ்பரஸ் உள்ள கொழுப்பு மட்டும் நீலமாகத் தெரியும். சவ்வின் கொழுப்பில் பாஸ்பரஸ் உண்டு.

ஒரு நாள் மத்தியானம் தகட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், தெளிஞ்ச தண்ணியிலயும் நீலம் வருது."

"செல் செத்து ஒழுகியிருக்கும்."

"செத்து ஒழுகுனா செல்லுல இருக்குற அதே அளவுலதான சார் வரணும்? இங்க பாருங்க, ரெண்டாவது புள்ளி மட்டும் பெருசா இருக்கு. இது ஒழுகுனது இல்ல சார். அதுவே வெளிய விடுது. சவ்வக் கிள்ளிக் கிள்ளிக் குமிழியா விடுதுபோல." பிறகு அவளே சிரித்துக்கொண்டு, "கிருமிக்கு வேர்க்குது சார்" என்றாள்.

நல்ல யோசனை என்றேன். அதை அவள் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமாக எழுதினாள். நான் படித்தேன், இரண்டு இடத்தில் வாக்கியத்தைத் திருத்தினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரலில் துறையின் கருத்தரங்கு. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஜூலையில் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது. அந்தக் குழுவிலும் அவர் இருந்தார். அவள் தகடுகளைக் காட்டிப் பேசி முடித்ததும் அவர் கேட்டார்: மெல்லிய சுவர் உள்ள பாக்டீரியா குமிழி விடும் என்று படித்திருக்கிறோம். உன்னுடையதற்குத் தடித்த சுவர். அதைத் தாண்டிக் குமிழி எப்படி வெளியே வரும்?

"தெரியல சார். ஆனா வருது" என்றாள்.

அதைவிட நேர்மையான பதிலை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நான் எழுந்தேன். "அது ஒண்ணுமில்ல சார், தலையெண்ணெய். நம்ம ஊருப் பொம்பளப் பிள்ளைங்க காலையில அரைப்படி தேங்காயெண்ணெய வெச்சுக்கிட்டு லேபுக்கு வருதுங்க. அது தகட்டுல பட்டிருக்கு. கிருமிக்கு வேர்க்குதுன்னு எங்கிட்டயே கத விடுது."

அறை முழுவதும் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அவள்கூட முதலில் லேசாகச் சிரித்தாள். நான் வேடிக்கை பேசிவிட்டு அடுத்து விளக்கம் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் அந்தக் கரைப்பானில் தகட்டின் உச்சிக்கு ஓடிவிடும். அவள் புள்ளிகள் நடுவில் இருந்தன. தேங்காய் எண்ணெயில் நீலம் காட்டும் அளவுக்குப் பாஸ்பரஸும் கிடையாது. இதைப் பட்டப்படிப்பு முதலாண்டு மாணவன்கூடச் சொல்லுவான். எழுந்து நின்ற அந்த நேரத்தில் எனக்கும் இது தெரியாமல் இல்லை.

ஒருமுறை சபையில் சொல்லிவிட்டதால் அதையே பிடித்துக்கொண்டேன். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பில் சிவப்பு மையால், "தலையெண்ணெய்க் கலப்பு. நீக்கவும்" என்று எழுதி அவளிடம் கொடுத்தேன்.

"சார், கிருமி போடாத வெறுங் கஞ்சியையும் கூடவே வச்சுப் பாத்துருக்கேன்ல. அதுல ஒண்ணுமே வரலயே. அதே கைதான சார், அதே தலதான? அதுல மட்டும் ஏன் எண்ணெய் விழல?"

பதில் இல்லாதவன் குரலை உயர்த்துவான். நானும் உயர்த்தினேன். "எடுத்துட்டு வந்தா கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா உன் இஷ்டம்."

"மூணாவது இல்லாம அது என்னோடது இல்ல சார்" என்று சொல்லிவிட்டு ஏட்டை என் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். ஒரு பெண்கள் கல்லூரியில் அவளை விரிவுரையாளராக எடுத்திருந்தார்கள். எம்.ஃபில். முடித்ததற்குச் சான்று காட்டினால் ஜூலையில் சேரலாம். ஏட்டைக் கொடுக்க ஜூன் பாதி வரை நேரம் இருந்தது.

அடுத்த வாரம் அவள் அப்பா வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சுன்னு சொல்லுங்க சார். நான் கண்டிக்கிறேன்" என்றார்.

"கவனம் பத்தல. சுத்தமில்லாம வேல பாத்திருக்கு. சொன்னாலும் கேக்க மாட்டேங்குது."

"சின்னதுலருந்தே அப்படித்தான் சார், அவசரக்காரி" என்றார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் மகளை அவரே விட்டுக்கொடுத்தார். நான் தலையை ஆட்டினேன்.

மே மாதம் கல்லூரி விடுமுறை. அதே கைதான, அதே தலதான என்ற அவள் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வீட்டில் பேப்பர் திருத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போய் அவளுடைய சோதனையை முதலிலிருந்து நானே செய்தேன். பத்து நாள் பிடித்தது. எனக்கு அப்போதே முழு வழுக்கை. எண்ணெய் வைக்க முடி கிடையாது. தகட்டில் மருந்தைத் தெளித்துச் சூடுகாட்டினேன். நீலம் வந்தது. இரண்டாவது புள்ளி பெரிதாக இருந்தது. வெறுங் கஞ்சி வைத்த பக்கம் வெள்ளையாகவே நின்றது.

 பிறகு தகட்டைச் சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறந்தேன். சிலிக்கா மாவு நீலத்தோடு கரைந்து போனது. ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். பின்னால் ஆய்வக உதவியாளர் வந்து நின்றிருக்கிறார்.

"என்ன சார், தட்டுக் கழுவுற வேலையெல்லாம் நீங்க பாக்குறீங்க? நான் எதுக்கு இருக்கேன்?"

"சும்மாதான்."

அவர் சிங்க்கை எட்டிப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு வந்த மாதிரியே வந்துருக்குபோல."

நான் குழாயை மூடினேன். அவர் கை துடைக்கத் துணியை நீட்டினார். "அகரம் பஸ்ஸு நாலரைக்கு இருக்கு சார். சொல்லிவிடணும்னா நான் போய்ட்டு வாரேன்" என்றார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். கெடு முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது. நான் எண்ணித்தான் வைத்திருந்தேன்.

ஜூலையில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. உதவியாளர் ஓய்வு பெறும்வரை என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் கஞ்சி என்ற வார்த்தையை என் முன்னால் அதற்குப் பிறகு அவர் சொன்னதில்லை. அவளைப் பற்றி அவ்வப்போது காதில் விழும். அந்தக் கல்லூரி வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. அவள் கல்யாணமாகி நத்தம் போய்விட்டாள். நான் எம்.எஸ்ஸி. வகுப்பில் ஒவ்வொரு வருடமும், தடித்த சுவர் உள்ள பாக்டீரியா குமிழி விடாது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றேன். பழக்கத்தை விட முடியாமல் காந்திகிராமம் பக்கம் நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகைகளைப் புரட்டுவேன். இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கில், தடித்த சுவர் உள்ளவையும் குமிழி விடுகின்றன என்று ஒன்றிரண்டு கட்டுரைகள் வரத் தொடங்கின. தோலில் வாழும் எங்கள் இனமும் அதில் இருந்தது. குமிழியில் உள்ள கொழுப்பின் விகிதம் செல்லில் உள்ளதைப் போல இல்லை என்பதையும் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். மூக்குக் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பாவசங்கீர்த்தனத்தில் என் பையன் வயதுச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளகிட்ட சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்கு முதல்ல வந்தீங்க?" என்றார்.

விசாரித்துக்கொண்டு நத்தம் போனேன். கடைவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். மாம்பழ சீசன், வாசல் வரை கூடைகள் அடுக்கியிருந்தார்கள். உள்ளே அவள் ஒரு முதியவரின் விரலில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"வாங்க சார். சுகருக்கா? சாப்டாம வந்திருக்கீங்களா?"

அதற்கு இல்லை என்றேன். முதியவர் போனதும் சொன்னேன். நீ அன்று கண்டது சரி, இப்போது உலகமே அதைச் சொல்கிறது, நான் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னித்துவிடு என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை அப்படியே ஒப்பித்தேன். கட்டுரையின் நகலையும் மேஜை மேல் வைத்தேன். நான் ஒப்பித்ததில் மே மாதச் சோதனை இல்லை. இப்போதுதான் தெரிந்துகொண்டவனைப் போலப் பேசினேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அப்படித்தான் இருந்தேன்.

அவள் நகலைத் தொடவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு சார்?"

"போன மாசம். லைப்ரரியில..."

"கட்டுர வந்தத கேக்கல. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

வெளியே யாரோ கூடை ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். "மே மாசம்" என்றேன்.

"எந்த மே?"

"அந்த மேதான். நானே செஞ்சு பாத்தேன். நீலமா வந்துச்சு. கழுவிட்டேன்."

அவள் ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தாங்கியில் சொருகினாள். எல்லாவற்றையும் சொருகி முடித்த பிறகு, "ஜூன் பதினஞ்சு வரைக்கும் நான் தெனம் போஸ்ட்மேனப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறேன், அதே அறையில் எழுந்து நின்று சொல்கிறேன் என்றேன்.

"அதெல்லாம் உங்க இஷ்டம். எங்க அப்பாகிட்ட சொல்லுங்க. நான் அழுக்குக் கையோட வேல பாத்துப் பேரக் கெடுத்துட்டேன்னுதான் அவரு இன்னிக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்காரு. நல்லது கெட்டதுக்குப் போனாலும் அதத்தான் சொல்லிக்காட்டுறாரு. என்னோட மகளுக்கே சொல்றாரு, ஒங்கம்மா மாதிரி அவசரப்படாதன்னு."

எளிதானதை எல்லாம் முதலில் செய்தேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பதிவுக்காலம் முடிந்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. கல்லூரியில் ஒரு கருத்தரங்கில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, மே மாதத்தையும் சேர்த்தே சொன்னேன். மாணவர்கள் கைதட்டினார்கள். துறைத் தலைவர் என் பெருந்தன்மையைப் பாராட்டி ஒரு துண்டைப் போர்த்தினார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுக்கத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அகரத்துக்குப் போக மேலும் ஒரு மாதம் ஆனது. முழங்கால் வலி என்றேன், மழை என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே பஸ் ஏறினேன்.

அவள் அப்பா களத்தில் வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மோர் வந்தது. குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். உங்கள் பெண் தப்பு ஒன்றும் செய்யவில்லை, தப்புச் செய்தவன் நான், தெரிந்தும் மறைத்தேன், அன்று உங்களிடம் சொன்னதும் பொய்.

அவர் கேட்டார்: "கை சுத்தமாத்தான் இருந்துச்சா?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு."

"அப்ப அது சொன்னது நெசம்."

"நெசம்."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். அவர் மனைவி கையில் அரிவாள்மணையோடு வந்தார். "இவளுக்குக் காது கேக்காது. இன்னொருவாட்டி சொல்லுங்க, சத்தமா" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை என்று அந்த அம்மாள் தலையை ஆட்டினார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் களத்தில் வெங்காயம் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "ஒங்க பொண்ணு தப்புப் பண்ணல. நான்தான் பொய் சொன்னேன்." மூன்றாவது முறை அது எனக்கே வேறு யாரோ கத்துவது போலக் கேட்டது.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். "எம்மக தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியுமே. இதச் சொல்லவா இவரு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் அப்பா சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்த நேரமானது. "ஆத்தா... நாந்தான். ஒங்க வாத்தியாரு வந்துருக்காரு... ம்... சொன்னாரு... எல்லாஞ் சொன்னாரு..."  அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்; அவர் ம், ம் என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"சொல்லிட்டீங்கள்ல சார்?"

"சொல்லிட்டேம்மா."

"சரி. அப்ப கெளம்புங்க. அவரு அழுவாரு. நீங்க இருந்தா அழ மாட்டாரு."

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவர் இருந்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. சாலைக்கு வந்து நின்றபோது அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. களத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நின்றேன்.